தரை எல்லை வழியே கனடா லேண்டிங்: கொரோனா காலக் கேள்விகளும் பதில்களும்

அமெரிக்காவில் எச்-1பி விசாவில் வேலை பார்த்துக்கொண்டே கனடாவின் நிரந்தர வசிப்புரிமைக்கு (பி.ஆர்.) விண்ணப்பித்து, ஒப்புதலும் பெற்று, கொரோனா காலத்தில் எல்லையைத் தாண்ட விடுவார்களா என்று தவித்த குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். 2020 மார்ச் முதல் எனக்கு வந்த சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்கள் 2021 ஜூலை மாத இறுதி நிலவரப்படி எழுதப்பட்டவை; அவற்றில் வரும் கொரோனா கட்டுப்பாடுகள் பின்னர் நீங்கிவிட்டன. மற்ற விதிகளும் மாறக்கூடியவை. ஆகவே கிளம்பும் நாளன்று காலையில் கனடா அரசின் தளத்தை ஒருமுறை பார்த்துவிட்டே வண்டியை எடுங்கள்.

சி.ஓ.பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை உறுதிப் பத்திரம்) கைக்கு வந்துவிட்டது. அப்படியென்றால் நான் இப்போது பி.ஆர். தானே?

இல்லை. உங்கள் விண்ணப்பம் ஏற்கப்பட்டது என்பதற்கான சான்றுதான் சி.ஓ.பி.ஆர். எல்லையில் அதிகாரி உங்களை விசாரித்து, அந்தத் தாளில் நாளையும் இடத்தையும் குறித்து, நீங்கள் கையெழுத்திட்ட பிறகுதான் பி.ஆர். ஆகிறீர்கள். அதைத்தான் லேண்டிங் என்கிறோம். அதுவரை சட்டத்தின் கண்ணில் நீங்கள் வெளிநாட்டவர்.

இதை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். குடிமக்களும் பி.ஆர். பெற்றவர்களும் கனடாவுக்குள் நுழைய உரிமை உடையவர்கள். வெளிநாட்டவருக்கு அந்த உரிமை கிடையாது. அவர்களைத் திருப்பி அனுப்பலாம். கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு விடை இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

எல்லையே மூடிக் கிடக்கிறது என்கிறார்களே, எப்படிப் போவது?

2020 மார்ச் 21 முதல் கனடா-அமெரிக்கத் தரை எல்லை அவசியமற்ற பயணங்களுக்கு மூடப்பட்டிருந்தது என்பது உண்மை. அதற்கு முன்பே, 2020 மார்ச் 18 என்று ஒரு கெடு வைத்தார்கள். அன்றைக்குள் ஒப்புதல் பெற்றவர்களுக்கு விலக்குக் கிடைத்தது. அதற்குப் பின் ஒப்புதல் பெற்றவர்கள் ஓராண்டுக்கு மேல் திண்டாடினார்கள். வீட்டைக் காலி செய்து, வேலையையும் விட்டுவிட்டுப் பெட்டிகளோடு காத்திருந்தவர்களை நான் அறிவேன். அந்தக் கெடு 2021 ஜூன் 21 அன்று நீங்கியது. அதன் பின் செல்லுபடியாகும் சி.ஓ.பி.ஆர். உள்ள எவரும், அது எந்தத் தேதியில் வந்ததாக இருந்தாலும், பயணம் செய்யலாம்.

2021 ஆகஸ்ட் 9 முதல் எல்லை திறக்கிறது என்ற செய்தியைப் பார்த்துப் பலர் குழம்பினார்கள். அது தடுப்பூசி போட்ட அமெரிக்கக் குடிமக்களும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களும் சுற்றுலா, உறவினர் வீடு என்று வருவதற்கானது. எச்-1பி விசாக்காரர் அந்தக் கணக்கில் வரவில்லை. உங்களுக்கான கதவு உங்கள் சி.ஓ.பி.ஆர்.தான்.

விமானத்தில் போவதா, காரில் போவதா?

அன்றைய நிலையில் கார். வானூர்தியில் இறங்குபவர்கள், இரு தவணைத் தடுப்பூசி முடித்திராவிட்டால், 2021 பிப்ரவரி 22 முதல் அரசு அங்கீகரித்த விடுதியில் மூன்று இரவுகள் சொந்தச் செலவில் தங்க வேண்டியிருந்தது. தரைவழியாக வருபவர்களுக்கு அந்த விதி எப்போதுமே இருந்ததில்லை. விடுதி விதி 2021 ஆகஸ்ட் 9 அன்று நீங்கியது. அதன் பிறகும், குழந்தைகளும் பெட்டிகளுமாக வரும் குடும்பத்துக்குக் கார்தான் வசதி என்பது என் எண்ணம்.

எந்த எல்லைச் சாவடி நல்லது?

நீங்கள் இருக்கும் ஊருக்கும் போகும் ஊருக்கும் இடையில் எது வழியோ அதுவே நல்லது. நியூ ஜெர்சி, நியூயார்க் பக்கம் இருந்து டொராண்டோ போகிறவர்கள் பஃபலோ அருகிலுள்ள பீஸ் பாலம், லூயிஸ்டன்-குவின்ஸ்டன் பாலம் அல்லது நயாகராவின் ரெயின்போ பாலத்தில் செல்கிறார்கள். மிச்சிகனில் இருந்து வருபவர்களுக்கு டெட்ராய்ட்-விண்ட்சர் அம்பாசடர் பாலமும், போர்ட் ஹ்யூரானில் இருந்து சார்னியா போகும் புளூ வாட்டர் பாலமும் இருக்கின்றன. சியாட்டிலில் இருந்து வான்கூவருக்கு பீஸ் ஆர்ச் அல்லது பசிபிக் ஹைவே. மான்ட்ரியாலுக்கு லக்கோல்.

'அந்தச் சாவடியில் கெடுபிடி குறைவாம்' என்ற பேச்சை நம்பி இருநூறு மைல் சுற்றிப் போகாதீர்கள். எல்லாச் சாவடிக்கும் விதி ஒன்றுதான். அதிகாரிக்கு அதிகாரி அணுகுமுறை மாறும். அன்று யார் பணியில் இருப்பார் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

கொரோனா பரிசோதனை எப்போது எடுக்க வேண்டும்?

ஐந்து வயது நிரம்பிய ஒவ்வொருவரும், எல்லையை அடையும் நேரத்துக்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள், அமெரிக்காவிலேயே மூலக்கூறுப் பரிசோதனை எடுத்திருக்க வேண்டியிருந்தது. பி.சி.ஆர். அந்த வகைதான். பதினைந்து நிமிடத்தில் முடிவு சொல்லும் ஆன்டிஜென் சோதனை செல்லவில்லை. மருந்தகத்தில் முன்பதிவு செய்யும்போதே எந்த வகை என்று கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. தடுப்பூசி போட்டவர்களுக்கும் இதில் விலக்கு இருக்கவில்லை.

72 மணி நேரம் என்பது மாதிரி எடுத்த நேரத்திலிருந்து கணக்கு. முடிவு வந்த நேரத்திலிருந்து அல்ல. நீண்ட தூரம் ஓட்டி வந்தவர்கள் இதில்தான் சறுக்கினார்கள். டெக்சாஸில் சோதனை கொடுத்துவிட்டு இரண்டு நாள் ஓட்டினால், வழியில் ஒரு டயர் வெடித்தாலே கணக்கு தவறிவிடும். எல்லைக்கு அருகிலுள்ள ஊரில், விரைவாக முடிவு தரும் இடத்தில் எடுப்பதே பாதுகாப்பாக இருந்தது. முடிவு இல்லாமல் வந்த கனடியரை அபராதத்தோடு உள்ளே விட்டார்கள். முதல் பதிலில் சொன்னபடி நீங்கள் இன்னும் வெளிநாட்டவர், உங்களைத் திருப்பியே அனுப்ப இடமிருந்தது.

அண்மையில் தொற்று வந்து குணமானவர்களுக்குச் சில வாரங்கள் பாசிட்டிவ் என்றே காட்டக்கூடும். அவர்கள் 14 முதல் 90 நாட்களுக்கு முன் எடுத்த பாசிட்டிவ் முடிவையே காட்டலாம் என்றிருந்தது.

கனடா அரசின் அரைவ்கேன் செயலியில் பதிவது கட்டாயமா?

ஆம். தரைவழிப் பயணிகளுக்கும் 2021 பிப்ரவரி 22 முதல் கட்டாயமாக இருந்தது; 2022 அக்டோபர் 1 அன்று அந்தக் கட்டாயம் நீங்கியது. பயண விவரம், தனிமைப்படுத்தல் திட்டம், தடுப்பூசிச் சான்று எல்லாவற்றையும் அதில் ஏற்றி, கிடைக்கும் ரசீதை அச்செடுத்தும் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. பாலத்தின் நடுவில் கைப்பேசிச் சமிக்ஞை கைவிடலாம்.

இரண்டு ஊசியும் போட்டாகிவிட்டது. அப்படியும் 14 நாள் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. 2021 ஜூலை 5 முதல், ஃபைசர், மாடர்னா, அஸ்ட்ராஜெனெகா அல்லது கோவிஷீல்டு இரு தவணைகள், அல்லது ஜான்சென் ஒரு தவணை போட்டு, கடைசி ஊசிக்குப் பின் 14 நாட்கள் கடந்திருந்தால், தனிமைப்படுத்தலில் இருந்து விலக்குப் பெற முடிந்தது. கோவாக்சின் அப்போது அந்தப் பட்டியலில் இருக்கவில்லை. சான்று ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ இருக்க வேண்டியிருந்தது.

குழந்தைகள் விஷயம் தனி. ஊசி போடாத பிள்ளைகள் அன்றைய விதிப்படி 14 நாள் தனிமையில் இருந்தாக வேண்டியிருந்தது. ஆகஸ்ட் 9 முதல், ஊசி போட்ட பெற்றோருடன் வரும் 12 வயதுக்குட்பட்டவர்களுக்கு அந்தத் தனிமை தளர்ந்தது. பள்ளி, காப்பகம் போன்ற இடங்களுக்கு மட்டும் 14 நாட்கள் அனுப்பக் கூடாது என்றிருந்தது. 

தனிமைப்படுத்தல் திட்டம் என்றால் என்ன எழுதுவது?

எங்கே தங்குவீர்கள், அங்கே முதியவர்களோ நோயாளிகளோ இருக்கிறார்களா, மளிகையும் மருந்தும் யார் கொண்டுவந்து தருவார்கள் என்ற மூன்றுக்கும் தெளிவான விடை. தடுப்பூசி போட்டவர்களும் இதைக் கையில் வைத்திருக்க வேண்டியிருந்தது. விலக்கு உண்டா இல்லையா என்று முடிவெடுத்தவர் எல்லை அதிகாரி. நண்பர் வீட்டின் கீழ்த்தளம் என்றால் தனி அறையும் தனிக் குளியலறையும் உண்டா என்று கேட்டார்கள். வயதான பெற்றோர் இருக்கும் வீட்டை எழுதுவதைத் தவிர்க்க வேண்டியிருந்தது. வாடகை வீட்டு ரசீது இருந்தால் பேச்சே எழவில்லை.

ஊசி போடாதவர்கள் எல்லையிலிருந்து நேராக அந்த முகவரிக்குப் போக வேண்டியிருந்தது. எல்லையில் கையில் தந்த கொரோனா பரிசோதனைப் பெட்டியை வைத்து, வந்த நாளிலும் எட்டாம் நாளிலும் சோதனை செய்ய வேண்டியிருந்தது. மீறினால் தனிமைப்படுத்தல் சட்டப்படி 7,50,000 டாலர் வரை அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் விதிக்க இடமிருந்தது.

சாவடியில் என்ன கேட்பார்கள்?

அமெரிக்கப் பக்கத்தில் வெளியேறும் சோதனை என்று ஒன்று கிடையாது. நேராகக் கனடியச் சாவடிக்கு வருவீர்கள். "நிரந்தர வசிப்புரிமையை உறுதி செய்ய வந்திருக்கிறோம்" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். கடவுச்சீட்டையும் சி.ஓ.பி.ஆரையும், கொரோனா காலத்தில் சோதனை முடிவையும் அரைவ்கேன் ரசீதையும் பார்த்துவிட்டு உள்ளே குடிவரவு அலுவலகத்துக்கு அனுப்புவார்கள். அங்கே சி.ஓ.பி.ஆரில் அச்சிட்டிருக்கும் கேள்விகளைக் கேட்பார்கள்: குற்றத் தண்டனை பெற்றதுண்டா, கனடாவோ வேறு நாடோ நுழைவை மறுத்ததுண்டா. பெயர், பிறந்த தேதி எழுத்துப் பிழையின்றி இருக்கிறதா என்று கையெழுத்திடும் முன் நீங்களே பாருங்கள். பிறகு திருத்துவது பெரும்பாடு.

சாதாரணக் காலத்தில் அத்தோடு வாழ்த்துச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். கொரோனா காலத்தில் இன்னொரு கேள்விதான் மையமாக இருந்தது: குடியேற வருகிறீர்களா, வந்து தொட்டுவிட்டுப் போக வருகிறீர்களா? அமெரிக்காவிலிருந்து வரும் பயணம் அவசியமானதாக இருக்க வேண்டியிருந்தது. நிரந்தரமாகக் குடியேறுவது அவசியம் என்ற வரையறைக்குள் வந்தது. அதை வாயால் சொன்னால் போதவில்லை, தாளால் காட்ட வேண்டியிருந்தது. வாடகை ஒப்பந்தம், கனடாவில் வேலைக்கான கடிதம் அல்லது இப்போதைய நிறுவனமே கனடாவுக்கு மாற்றும் கடிதம், அமெரிக்க வீட்டைக் காலி செய்வதற்கான அறிவிப்பு, சாமான் ஏற்றிச் செல்லும் நிறுவனத்தின் ரசீது, பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கைக் கடிதம் என்று உங்களிடம் உண்மையில் எது இருக்கிறதோ அது. எல்லாம் இருக்க வேண்டும் என்பதில்லை. இருப்பவை ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். குடியேற வருகிறேன் என்று சொல்லும் நால்வர் குடும்பம் இரண்டே இரண்டு கைப்பைகளோடு வந்து நின்றால் எந்த அதிகாரிக்கும் சந்தேகம் வரும்.

போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு அன்றே திரும்பி வந்துவிட்டால் என்ன? எல்லாரும் அப்படித்தானே செய்தார்கள்?

2020க்கு முன் செய்தார்கள், அதில் தவறும் இல்லை. கொரோனா காலத்தில் அதற்காக மட்டும் வருவது அவசியமற்ற பயணமாகக் கருதப்பட இடமிருந்தது. அப்படிச் சொல்லித் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் உண்டு.

அதனால் 'குடியேறத்தான் வருகிறேன் என்று பொய் சொல்லிவிடலாமா' என்று கேட்டார்கள். தயவுசெய்து வேண்டாம். தவறான தகவல் தருவது கனடியக் குடிவரவுச் சட்டத்தில் ஐந்தாண்டுத் தடைக்கு வழி வகுக்கும் குற்றம். புள்ளிகள் சேர்த்து, ஆங்கிலத் தேர்வு எழுதி, மருத்துவம் முடித்துப் பெற்ற ஒன்றை ஒரு வாக்கியத்தில் இழக்காதீர்கள். உண்மையான நிலை இடைப்பட்டதாக இருந்தால் அதையே சொல்லுங்கள்: இன்ன தேதியில் குடும்பம் இங்கே தங்குகிறது, நான் அமெரிக்க வேலையை முடித்துக்கொண்டு இன்ன மாதத்தில் வந்து சேருகிறேன் என்பது நியாயமான திட்டம். முடிவு அதிகாரியுடையது. ஆனால் திட்டமும் தாள்களும் உள்ளவர்களின் பேச்சுக்கு எடை உண்டு. இப்போதைக்குக் குடியேறும் எண்ணமே இல்லை என்றால், சி.ஓ.பி.ஆர். காலாவதியாகும் தேதியைப் பார்த்துக்கொண்டு கட்டுப்பாடு தளரும் வரை காத்திருப்பதே அப்போது வழியாக இருந்தது.

வங்கியில் எவ்வளவு பணம் காட்ட வேண்டும்?

ஃபெடரல் ஸ்கில்டு வொர்க்கர் (திறன் பணியாளர்) பிரிவில் வந்தவர்களுக்கு 2021இல் அளவு, தனி நபருக்கு 13,213 கனடிய டாலராகவும் நால்வர் குடும்பத்துக்கு 24,553 ஆகவும் இருந்தது. கனடாவில் ஏற்கெனவே வேலை பார்த்தவர்களுக்கான கனடிய அனுபவப் பிரிவினருக்கு இது தேவையில்லை. அண்மைய வங்கி அறிக்கை போதும். 10,000 கனடிய டாலரோ அதற்கு மேலோ ரொக்கமாகவோ வரைவோலையாகவோ கொண்டுவந்தால் கட்டாயம் அறிவிக்க வேண்டும். அறிவிப்பதற்கு வரி எதுவும் இல்லை, மறைத்தால் பறிமுதல்.

சாமான், நகை, கார் இவற்றுக்கு?

கொண்டுவரும் பொருள்கள், பிறகு வரப்போகும் பொருள்கள் என்று இரண்டு பட்டியல்களைத் தட்டச்சு செய்து, தோராய மதிப்போடு எடுத்துச் செல்லுங்கள். ஏற்கெனவே சொந்தமாக வைத்துப் பயன்படுத்தியவை என்றால் குடியேறுவோர் பொருள்களாகத் தீர்வையின்றி விடுவார்கள். நம் வீடுகளில் நகை அதிகம்; ஒவ்வொன்றையும் படம் எடுத்து விவரம் எழுதி வையுங்கள். இந்தியாவில் லாக்கரில் இருப்பதைப் பின்னால் கொண்டுவர எண்ணினால் அதையும் இரண்டாம் பட்டியலில் இப்போதே சேர்த்துவிடுங்கள். விட்டுப்போனதைப் பிறகு சேர்க்க வழியில்லை.

அமெரிக்கக் காரைக் கனடாவுக்கே கொண்டுபோவதானால், குறைந்தது 72 மணி நேரம் முன்பே அமெரிக்கச் சுங்கத்துக்கு ஏற்றுமதி அறிவிப்புத் தர வேண்டும். கடன் பாக்கி உள்ள வண்டி என்றால் வங்கியின் அனுமதிக் கடிதமும் வேண்டும். அதுவரை வாடகைக் காரிலோ நண்பர் காரிலோ கடப்பது தலைவலி இல்லாதது.

சி.ஓ.பி.ஆர். காலாவதியாகிவிட்டது. எல்லையில் போய்க் கெஞ்சினால் விடுவார்களா?

மாட்டார்கள். போகவே போகாதீர்கள். அதன் தேதி பெரும்பாலும் உங்கள் மருத்துவப் பரிசோதனையின் ஓராண்டுக் காலத்தையோ கடவுச்சீட்டின் முடிவையோ ஒட்டியே இருக்கும். எல்லை அதிகாரியால் நீட்டிக்க முடியாது. குடிவரவுத் துறையின் இணையப் படிவம் வழியே எழுதி, இன்னும் வர விரும்புகிறேன் என்று தெரிவியுங்கள். மீண்டும் மருத்துவம் எடுக்கச் சொல்லக்கூடும். இந்தக் காத்திருப்பு கொடுமைதான்.

நான் அமெரிக்காவில், மனைவி இந்தியாவில். அவர் மட்டும் முதலில் போகலாமா?

முதன்மை விண்ணப்பதாரர் முன்பாகவோ உடனாகவோ லேண்டிங் செய்ய வேண்டும். நீங்கள் முதன்மை என்றால் முதலில் நீங்கள். இந்தியாவிலிருந்து கனடாவுக்கு நேரடி விமானங்கள் 2021 ஏப்ரல் 22 முதல் நிறுத்தப்பட்டிருந்தன. மூன்றாவது நாட்டின் வழியே வந்தவர்கள் அந்த நாட்டில் பரிசோதனை எடுக்க வேண்டியிருந்தது. அமெரிக்கா வந்து உங்களோடு காரில் கடக்கலாம் என்றால், கடந்த 14 நாட்களில் இந்தியாவில் இருந்தவர்கள் நுழைய அமெரிக்காவும் 2021 மே 4 முதல் கட்டுப்பாடு வைத்திருந்தது. நீங்கள் முன்னே போய் வீட்டைப் பார்த்து வைப்பதுதான் பெரும்பாலும் நடக்கக்கூடிய வழியாக இருந்தது.

இதோடு இன்னொன்று. ஒப்புதலுக்குப் பின் திருமணமோ குழந்தைப் பிறப்போ நடந்திருந்தால், லேண்டிங்குக்கு முன் கட்டாயம் தெரிவியுங்கள். அறிவிக்காமல் விட்டவரைப் பிறகு குடும்பப் பிரிவில் அழைத்துக்கொள்ள முடியாமல் போகலாம். தாமதத்துக்குப் பயந்து பிள்ளையின் பெயரை மறைப்பதைப் போன்ற விபரீதம் வேறு இல்லை.

நான் ஏற்கெனவே கனடாவில் வேலை அனுமதியில் இருக்கிறேன். எல்லைக்குப் போய்த் திரும்ப வேண்டுமா?

வேண்டாம். இப்போது கனடாவுக்குள் இருப்பவர்களுக்குக் குடிவரவுத் துறை இணைய வாசல் வழியாகவே உறுதி செய்கிறது. மின்னஞ்சல் அழைப்பு வரும். நாட்டுக்குள் இருப்பதை உறுதி செய்து புகைப்படமும் முகவரியும் தந்தால் மின்வடிவில் சி.ஓ.பி.ஆர். கிடைக்கும்.

திருப்பி அனுப்பினால் எல்லாம் போய்விட்டதா?

போகவில்லை. பொதுவாக, நுழைவுக் கோரிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொள்ள அனுமதித்து அமெரிக்கப் பக்கம் அனுப்புவார்கள். சி.ஓ.பி.ஆர். அதனால் மட்டும் ரத்தாகாது. குறையைச் சரிசெய்து அதே தேதிக்குள் மீண்டும் வரலாம். தரும் தாளைப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த முறை கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். வாக்குவாதம் மட்டும் வேண்டாம். எந்த ஆவணம் போதவில்லை என்று பணிவாகக் கேட்டால், பெரும்பாலும் சொல்வார்கள்.

கடவுச்சீட்டிலுள்ள என் எச்-1பி விசா முத்திரை காலாவதி. லேண்டிங் முடிந்து அமெரிக்கா திரும்ப முடியுமா? கிரீன் கார்டு வரிசை என்னாகும்?

அமெரிக்காவில் தங்க அனுமதித்த காலத்தைக் காட்டும் ஐ-94 பதிவு செல்லுபடியாக இருந்து, கனடாவில் தங்கியது 30 நாட்களுக்கு மேற்படாமல், அங்கே புதிய அமெரிக்க விசாவுக்கு விண்ணப்பிக்காமலும் இருந்தால், தானியங்கி மறுமதிப்பு விதிப்படி பழைய முத்திரையோடே திரும்பலாம். கொரோனா காலத்தில் தரை எல்லையில் அமெரிக்காவும் அவசியப் பயணம் மட்டும் என்றது. வேலைக்குத் திரும்புவது அதில் அடங்கியது. நிறுவனக் கடிதமும் சம்பளச் சீட்டும் கையில் இருக்கட்டும். அந்தத் தடை விமானப் பயணத்துக்குப் பொருந்தவில்லை.

எச்-1பி விசா இரட்டை நோக்கத்தை, அதாவது தற்காலிகமாக வேலை பார்த்துக்கொண்டே நிரந்தரக் குடியேற்றத்தையும் நாடுவதை, அனுமதிப்பது; கனடிய பி.ஆர். பெறுவதால், கிரீன் கார்டுக்காக நிறுவனம் தந்த ஐ-140 மனுவின் வரிசைத் தேதி அழிவதில்லை. மாணவர் விசாவில் இருப்பவர்களும், கிரீன் கார்டு வைத்துக்கொண்டு கனடாவில் வாழப்போகிறவர்களும் மட்டும் வழக்கறிஞரைக் கேட்டுவிட்டு அடியெடுத்து வைக்க வேண்டும்.

லேண்டிங் முடிந்தது. இனி எத்தனை நாள் இருக்க வேண்டும்? அட்டை வரும் முன் வெளியே போனால் திரும்ப விடுவார்களா?

ஐந்தாண்டில் 730 நாட்கள் கனடாவில் இருக்க வேண்டும். தொடர்ச்சியாக இருக்க வேண்டியதில்லை. லேண்டிங் நாளிலிருந்து கணக்கு ஓடுகிறது. கொரோனா என்பதற்காகத் தானாகக் கழிவு எதுவும் இல்லை. மனிதாபிமானக் காரணங்களை ஒவ்வொருவர் நிலைக்கேற்பப் பரிசீலிக்கலாம், அவ்வளவே.

பி.ஆர். அட்டை கனடிய முகவரிக்கு மட்டுமே வரும். எல்லையில் முகவரி தரவில்லை என்றால் 180 நாட்களுக்குள் தந்துவிடுங்கள். தவறினால் 50 டாலர் கட்டி விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். அட்டை இல்லாமல் விமானம், பஸ், ரயில் எதிலும் ஏற்றமாட்டார்கள். சொந்த வண்டியில் தரை எல்லைக்கு வந்து, கையெழுத்தான சி.ஓ.பி.ஆரையும் கடவுச்சீட்டையும் காட்டினால் உள்ளே விடுவார்கள். கொரோனா காலத்துப் பரிசோதனை, தனிமைப்படுத்தல் விதிகள் மற்றவர்களைப் போலவே பி.ஆர். பெற்றவர்களுக்கும் இருந்தன. ஆனால் முதல் பதிலில் சொன்ன கோட்டை இப்போது நீங்கள் தாண்டியாயிற்று: ஏன் வருகிறாய் என்று கேட்டுத் திருப்பி அனுப்ப முடியாது.